இ. ரெக்ஸ், நிரந்தர வதிவாளர்

மீனம்மா வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்த கதையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் தேயிலைத் தோட்டத்து லய வரிசையில் ஒற்றை அறைக் காம்பராவுக்குள் அந்தப் பெட்டி எப்படி வந்தது என்று யோசித்துக்கொண்டே மிச்சத்தைக் கோட்டை விட்டுவிடுவீர்கள். அவள் தம்பி சஞ்சயனுக்குக் கொழும்பில் ஒரு மொத்தக் கடையில் வேலை. முதலாளி புதுசு வாங்கினார், பழசை இவன் தலையில் கட்டினார். இவன் அதைச் சாக்கில் சுற்றி ரயிலில் ஏற்றினான். வட்டவளையில் இறக்கி, ஆள் மாற்றி ஆள் தோளில் சுமந்து மலைக்குக் கொண்டுவந்தார்கள். இது நடந்தது இரண்டாயிரத்து ஏழாம் வருஷம், தை மாசத்தில்.

மீனம்மாவுக்குப் பிள்ளைக் காம்பராவில் வேலை. கொழுந்தெடுக்கப் போகிற பெண்கள் விட்டுப்போகிற கைக்குழந்தைகளைப் பொழுது சாயும்வரை பார்த்துக்கொள்ள வேண்டும். ஓ.எல். பரீட்சை வரைக்கும் படித்தவள். ஹட்டனில் லாபிர் முதலாளியின் கம்ப்யூட்டர் கடையில், அவர் மகள் நஸ்லியாவிடம் மூன்று மாசம் டைப் அடிக்கவும் பழகியிருந்தாள். பெட்டி வந்த அன்றே லயம் முழுக்க வாசலில் கூடிவிட்டது. படம் பார்க்கலாமா என்று கேட்டவர்களே அதிகம். மீனம்மா படம் போடவில்லை. பட்டியல் அடிக்க உட்கார்ந்தாள்.

என்ன பட்டியல் என்றால், அந்த லயங்களில் அடையாள அட்டை இல்லாதவர்கள் அறுபத்து மூன்று பேர். அறுபத்து மூவர் என்றதும் நாயன்மார் ஞாபகம் வரும். நாயன்மாருக்காவது கோயில் பிராகாரத்தில் நிற்க ஒரு இடம் உண்டு. இவர்களுக்குப் பிறப்புப் பத்திரம் கிடையாது, இருந்தாலும் கரையான் தின்ற பாதிதான் இருக்கும். அந்த அறுபத்து மூன்றில் ஒருத்தன் சஞ்சயன்.

யுத்தம் நடந்த அந்த வருஷம் கொழும்பில் தமிழ்ப் பேரை வைத்துக்கொண்டு அட்டை இல்லாமல் தெருவில் நடப்பது எப்படியென்று, நடந்தவர்களுக்குத்தான் தெரியும். சஞ்சயனை இரண்டு தடவை பிடித்தார்கள். இரண்டு தடவையும் முதலாளி போய் ஆளைக் காட்டி எடுத்துவந்தார். இரண்டாம் தடவை பொலிஸிலிருந்த பெரியவர், இதுதான் கடைசி, அடுத்த முறையும் அட்டை இல்லையென்றால் நீ எங்கே போவாய் என்று எனக்கே தெரியாது என்றாராம். சஞ்சயன் போனில் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னான். மீனம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. பெட்டி வந்த நாளிலிருந்து குழந்தைகளைத் தாய்மார் தூக்கிப்போன கையோடு வந்து உட்கார்ந்து, ஒற்றை விரலில் தட்டித் தட்டி, பேர், தகப்பன் பேர், பிறந்த லயம், சாட்சி சொல்கிற ஆள் என்று மூன்று மாசத்தில் அறுபத்து மூன்று பேரையும் முடித்தாள்.

பட்டியலைக் கடதாசியில் கொடுத்தால் எடுக்கமாட்டார்கள், சீடியில்தான் எடுப்பார்கள். எடுக்கிற இடத்துக்குப் பேர் தகவல் தூய்மைப் பணியகம். ஹட்டனில் ஒரு புடவைக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது. அங்கே பட்டியல் சுத்தமாகித்தான் கொழும்புக்குப் போகும், போனால்தான் அட்டை வரும். பணியகத்துக்குப் பொறுப்பானவர் அம்பலவாணர். யாழ்ப்பாணத்து மனிதர், வெள்ளை லோங்ஸ், நெற்றியில் திருநீறு, கதவுக்கு வெளியே செருப்பைக் கழற்றச் சொல்லி ஒரு பலகை.

மீனம்மா சீடியை மேசையில் வைத்தாள். அவர் தொடவில்லை. பேனாவின் பின்பக்கத்தால் மெல்லத் தள்ளினார்.

"பாருங்கோ பிள்ளை. இந்தப் பணியகம் துவங்கி ரெண்டு வருஷம். இண்டைவரைக்கும் ஒரு வைரஸ் எங்கட படி ஏறேல்லை. எப்பிடி எண்டு கேளுங்கோ. இண்டைவரைக்கும் ஒரு சீடியையும் நாங்கள் உள்ளுக்கு எடுக்கேல்லை."

சொல்லிவிட்டு, பாராட்டுக்குக் கொஞ்சம் இடம் விட்டார். சந்தோஷங்க என்றாள் மீனம்மா.

பிறகு அவர் விதியை விளக்கினார். பட்டியல் அடித்த வீட்டுக் கம்ப்யூட்டரில் காவல் மென்பொருள் ஒன்று இருக்க வேண்டும். அது இலவசமானதாகத்தான் இருக்க வேண்டும், ஏனென்றால் லயத்தில் இருக்கிறவரிடம் விலை கொடுத்து வாங்கின மென்பொருள் இருந்தால் அது எப்படி வந்தது என்று தனியாக விசாரிக்க வேண்டிவரும். இலவசமாகக் கிடைப்பவை மூன்று. அதில் எது நல்லது என்று பணியகம் ஏற்கெனவே தெரிவு செய்துவிட்டது.

எது என்று மீனம்மா கேட்டாள். அம்பலவாணர் கதவைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். அது ரகசியம் என்றார். வெளியில் விட்டால் வைரஸ் எழுதுகிறவனுக்குத் தெரிந்துவிடும். விண்ணப்பதாரி தானாகத் தெரிவு செய்ய வேண்டும். பணியகத்தின் தெரிவோடு பொருந்தினால் சரி. பொருந்தாவிட்டால் ஆறு மாசம் கழித்துத் திரும்ப விண்ணப்பிக்கலாம். சீடியைத் திருப்பிக் கேட்டபோது, அதை ஒரு உறையில் போட்டு அரக்கு வைத்து, சந்தேகம் தீர்ந்த பிறகு தரப்படும் என்றார்.

ஆறு மாசம். மீனம்மா படி இறங்கும்போது அந்த ஆறு மாசத்தைத்தான் நினைத்தாள். சஞ்சயன் ஒரு நாளைக்கு இரண்டு தடவை சாப்பாட்டுக்கடைக்குத் தெருவைக் கடப்பவன்.

லாபிர் முதலாளி கடைக்குப் போனாள். நஸ்லியா கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். மூன்றையும் ஒரு சீடியில் போட்டுக் கொடுத்தாள். ஒன்றுக்குக் குடைப் படம், ஒன்றுக்குப் பூட்டு, ஒன்றுக்கு நாய். நாயின் பேர் ரெக்ஸ்.

"மூணும் ஒண்ணுதான் அக்கா. வாரம் ஒருக்கா வந்து புதுசு ஏத்திக்கிட்டுப் போங்க, அவ்வளவுதான். ஆனா மூணையும் சேத்துப் போட்டுறாதீங்க. ஒண்ண ஒண்ணு கள்ளன்னு புடிச்சிக்கும்."

குடை மழைக்கு. பூட்டு காம்பராவுக்கே ஒன்று இருக்கிறது, அதை யாரும் மதிப்பதில்லை. நாயாவது குலைக்கும். இப்படி யோசித்து மீனம்மா ரெக்ஸைத் தெரிவு செய்தாள். நஸ்லியா இன்டர்நெட்டில் பதியும்போது விலாசம் கேட்டது. இங்கேதான் சனியன் காலை வைத்தது. லயத்துக் காம்பராவுக்கு நம்பர் உண்டு, விலாசம் கிடையாது. யாருக்குக் கடிதம் வந்தாலும் தோட்ட ஆபீஸ் மேற்பார்வை என்றுதான் வரும். பெரட்டுக்களத்தில், விடிகாலை வேலைக்குப் பேர் கூப்பிடும்போது, கங்காணி கடிதத்துக்கும் சேர்த்துப் பேர் கூப்பிடுவார். பிறந்ததிலிருந்து அதுதான் பழக்கம். மீனம்மா கொஞ்சமும் யோசிக்காமல் தோட்ட ஆபீஸ் விலாசத்தையே சொன்னாள்.

அவள் கொண்டுபோன பதிவுத் தாளை அம்பலவாணர் இரண்டு தடவை வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மூன்றாம் தடவையும் வாசித்தார். இதன்படி இந்த ரெக்ஸ் தோட்டத்தில் வசிக்கிறது, அப்படியென்றால் தோட்டத்தில் வசிக்கத் தோட்டத்தின் அனுமதி இருக்கிறதா என்றார். அது கம்ப்யூட்டருக்குள் இருக்கிறதுங்க என்றாள் மீனம்மா. கம்ப்யூட்டர் எங்கே இருக்கிறது? காம்பராவில். காம்பரா யாருடையது? தோட்டத்துடையது. அவர் கைகளை விரித்தார். தோட்டத் துரையின் கடிதமும் கிராம சேவகரின் வதிவிட, நற்சான்றுப் பத்திரமும் வேண்டும் என்று சிவப்பு முத்திரை குத்திக் கொடுத்தார்.

தோட்ட ஆபீஸில் பெரிய கிளாக்கர் அந்த முத்திரையைப் பார்த்ததும் எழுந்து நின்றார். லயத்தில் வெளியாள் தங்கினால் ஆபீஸில் சொல்ல வேண்டும் என்று நிரப்புகிற வெள்ளைக்காரன் காலத்துப் பாரம் ஒன்று இருந்தது. அதைத் தேடி எடுத்தார். எத்தனை நாள் தங்குவார்? எப்பவும் இருக்குங்க. குடும்பமா, தனியா? தனிதாங்க. வேலைக்குப் பேர் பதிய விருப்பமா? மீனம்மா இல்லையென்று தலையாட்டினாள். முதலெழுத்து இல்லாமல் பேர் எழுதினால் பாரம் செல்லாது என்றார். பதிவுத் தாளில் பேருக்குப் பக்கத்தில் இருந்த ஒரே வார்த்தை இலவசம். அப்படித்தான் அது இ. ரெக்ஸ் ஆனது. துரை பார்க்காமலேயே கையெழுத்து வைத்தார்.

கிராம சேவகரிடம் சஞ்சயனின் நற்சான்றுக்காக மீனம்மா நாலு வருஷம் நடந்திருக்கிறாள். ஆளுக்குப் பிறப்புப் பத்திரம் இல்லையே, எதை வைத்துத் தெரியும் என்று சொல்வது என்று அவர் ஒவ்வொரு முறையும் வருத்தத்தோடு கேட்பார். இப்போது சிவப்பு முத்திரை, துரையின் கடிதம் இரண்டும் இருக்கவே, அச்சடித்த தாளை எடுத்து நிரப்பினார். மேற்படி இ. ரெக்ஸ் என்பவரைப் பத்து வருஷமாக எனக்கு நேரில் தெரியும், நல்லொழுக்கமுள்ளவர், அரசுக்கு விரோதமான எந்தக் காரியத்திலும் ஈடுபடாதவர். தாளை ஊதிக் காயவைத்து, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகச் சொன்னார். மீனம்மா தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள். நாலு வருஷமாகத் தம்பிக்குக் கிடைக்காதது ஒரு நாய்ப் படத்துக்கு அரை மணித்தியாலத்தில் கிடைத்துவிட்டதே என்று வயிறு எரிந்தது. சரி, எப்படியோ காரியம் நடந்தால் போதும் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள்.

தாள்களைப் பணியகத்தில் காட்டினாள், அடுத்த கிழமை ஜீப் வந்தது. அந்த நாட்களில் லயத்துக்கு ஜீப் வந்தால் இளவட்டங்கள் மலைப்பக்கமாக நழுவிவிடுவார்கள், வயசானவர்கள் கதவைச் சாத்திக்கொள்வார்கள். இறங்கியது பணியகத்தின் தொழில்நுட்ப அலுவலர் மயூரதன். கையில் ரப்பர் உறை, வாயில் துணிக்கவசம். வைரஸ் தும்மலில் பரவாது என்று அவருக்கு நன்றாகத் தெரியும், பட்டதாரி. ஆனால் சுற்றறிக்கையில் கவசம் என்று போட்டிருக்கிறது என்றார்.

ஒன்றை மட்டும் போட்டுவிட்டு அதைத்தான் தெரிவு செய்தேன் என்றால் எப்படித் தெரிவாகும் என்று அவர் கேட்டார். மூன்றையும் போட வேண்டும், போட்டியில் எது ஜெயிக்கிறதோ அதுதான் தெரிவு. நஸ்லியா சொன்னதை மீனம்மா மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். அந்தப் பிள்ளையிடம் நியமனக் கடிதம் இருக்கிறதா என்று கேட்டார். அவர் தன் கையாலேயே குடையையும் பூட்டையும் ஏற்றினார்.

பெட்டி உறுமத் தொடங்கியது. ஒரு பகல் முழுக்க உறுமியது. காம்பரா சூடாகி, பக்கத்து வீட்டு ராசம்மா ஈரத்துணி கொண்டுவந்து சுவரில் போட்டாள். குடை பூட்டைக் கள்ளன் என்றது, பூட்டு குடையைக் கள்ளன் என்றது, ரெக்ஸ் இரண்டையும் கவ்வி விழுங்கியது. மறுநாள் வந்து பார்த்த மயூரதனுக்கு முகமெல்லாம் பல். ஆனால் ரெக்ஸ் அதோடு விடவில்லை. பழைய பெட்டியைத் துழாவித் துழாவி, கடைசியில் ஒரே ஒரு கோப்பின் முன்னால் போய் நின்று குலைத்தது. அது மீனம்மாவின் பட்டியல். அழிக்கவா என்று திரையில் கேட்டது.

மயூரதன் கோப்பைத் திறந்து மேலிருந்து கீழே பார்த்தார்.

"இதில அறுபத்து மூண்டு பேர் இருக்கினம். ஒருத்தருக்கும் அடையாள இலக்கம் இல்லை. இலக்கம் இல்லாமல் ஆக்கள் இருக்கேலாது. ஆனபடியால் இது போலிக் கோப்பு. நாய் சரியாத்தான் பிடிச்சிருக்கு."

"இலக்கம் எடுக்கத்தாங்க ஐயா இந்தப் பட்டியலே," என்றாள் மீனம்மா. "எந் தம்பி அதுல இருக்கான்."

"இருந்தால் இலக்கம் இருக்கும்தானே," என்றார் மயூரதன். பேச்சில் கோபம் இல்லை, கணக்குச் சொல்லிக்கொடுக்கிற மாதிரி இருந்தது. ஆம் என்ற பொத்தானை அழுத்தினார். மூன்று மாசம் ஒற்றை விரலால் அடித்தது, கண் மூடித் திறப்பதற்குள் போய்விட்டது. மீனம்மா சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

அரக்கு வைத்த சீடியாவது இருக்கிறதே என்று விடிந்ததும் ஓடினாள். பணியகத்தில் வாழைமரம் கட்டியிருந்தது. தூய்மை தினமாம். குத்துவிளக்கு ஏற்றி, வரவேற்புரை சொல்லி, இரண்டு வருஷத்தில் சேர்ந்த சீடிகளையெல்லாம் பின்வளவில் குவித்துக் கொளுத்திக்கொண்டிருந்தார்கள். பிளாஸ்டிக் புகை ஹட்டன் பனியோடு கலந்து, வந்தவர்களெல்லாம் இருமினார்கள். அம்பலவாணர் இருமிக்கொண்டே பேசினார்.

"எங்கட தெரிவும் ரெக்ஸ்தான் பிள்ளை. நீங்கள் பாக்கியசாலி. நாலாயிரம் விண்ணப்பத்தில பொருந்தி வந்த முதலாவது உங்கட. இனி உங்கட கணினிக்குள்ள ஒரு ஈ, எறும்பு போகேலாது. பட்டியல் இல்லை எண்டு கவலைப்படாதேங்கோ. பாதுகாக்கிறதுக்கு ஒண்டும் இல்லாத கணினிதான் உண்மையில பாதுகாப்பான கணினி."

சபை கைதட்டியது. மீனம்மா கைதட்டவில்லை. திரும்ப அடித்துக் கொண்டுவந்தால் எடுப்பீர்களா என்று மட்டும் கேட்டாள். தாராளமாக என்றார் அவர். வீட்டுக்கு வந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, முதல் பேராகச் சஞ்சயனை அடித்தாள்.

ஒன்பதாவது பேரில் இருந்தபோது, பெரட்டுக்களத்தில் பழனியாண்டி கங்காணி ஒரு கடிதத்தைத் தூக்கிப் பிடித்து, இ. ரெக்ஸ், இ. ரெக்ஸ் என்று கூப்பிட்டார். யாரும் வரவில்லை. நம்ம மீனம்மா வீட்டுலதான் இருக்காராம் என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள், களம் சிரித்தது. உறைக்குள், பணியகத்தின் பதிவை வைத்துக் கொழும்பில் அடித்த, பிளாஸ்டிக் ஒட்டின அட்டை ஒன்று இருந்தது. பேர், விலாசம், நிரந்தர வதிவாளர் என்ற குறிப்பு, ஒன்பது இலக்கத்தில் ஒரு நம்பர், கீழே சிங்க முத்திரை. படம் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. அந்த லயத்துக்கு அந்த வருஷம் வந்த அட்டை அது ஒன்றுதான்.

அதே நாள் மத்தியானம், பிள்ளைக் காம்பராவில் தொட்டில் ஆட்டிக்கொண்டிருந்தபோது, கொழும்பிலிருந்து முதலாளி போன் பண்ணினார். முந்தாநாள் பகல் சாப்பாட்டுக்குப் போன சஞ்சயன் திரும்பவில்லை. தெருவில் சோதனை நடந்திருக்கிறது. முதலாளி மூன்று பொலிஸுக்குப் போய்விட்டார். அப்படி ஒரு ஆளை நாங்கள் எடுக்கவேயில்லை என்று மூன்றிலும் சொல்லிவிட்டார்கள். சொந்த ஊர்ப் பொலிஸில் முறைப்பாடு எழுதி அத்தாட்சிக்கு ஒரு துண்டு வாங்குங்கள், அது இருந்தால் மேலிடத்தில் கேட்கலாம், இல்லாவிட்டால் இப்படியே விட்டுவிடுவார்கள் என்றார்.

மீனம்மா ராசம்மாவைக் கூட்டிக்கொண்டு பொலிஸுக்குப் போனாள். எந்த டவுன் பொலிஸ் என்று கேட்காதீர்கள், எனக்கும் லயத்தில்தான் வீடு. மேசையில் இருந்தவர் இளவயசுக்காரர், நல்ல மாதிரியாகத்தான் பேசினார். காணாமல் போனவரின் அடையாள இலக்கம் என்ன என்று சிங்களத்தில் கேட்டார். இல்லை, அது இல்லாததால்தான் இவ்வளவும் என்று இவளும் சிங்களத்தில் சொன்னாள். புத்தகத்தைத் திருப்பிக் காட்டினார். முதல் கட்டம் இலக்கம். அதை நிரப்பாமல் அடுத்த கட்டத்துக்குப் போகக்கூடாது.

மீனம்மா பையைத் திறந்து மேசையில் கொட்டினாள். துரையின் கடிதம், நற்சான்று, பணியகத்து முத்திரை, எல்லாவற்றையும் காட்டி நடந்ததைச் சொல்லத் தொடங்கினாள். பொலிஸ்காரர் நடுவில் கிடந்த அட்டையை எடுத்தார். இதோ நம்பர் இருக்கிறதே என்றார்.

அது அவன் இல்லீங்க மாத்தையா, பேரைப் பாருங்க என்றாள்.

அவர் சிரித்தார். உங்கள் ஆட்களுக்குப் பிறப்புப் பத்திரத்தில் ஒரு பேர், செக்ரோல் சம்பளப் புத்தகத்தில் ஒரு பேர், வீட்டில் ஒரு பேர், எனக்குத் தெரியாதா என்றார். விலாசம் உங்கள் தோட்டம்தானே என்றார். இது இல்லையென்றால் முறைப்பாடு எடுக்க முடியாது, இது என்றால் எடுக்கலாம், யோசித்துச் சொல்லுங்கள் என்று பேனாவை மூடி வைத்துக் காத்திருந்தார்.

மீனம்மா ராசம்மாவைப் பார்த்தாள். ராசம்மா தரையைப் பார்த்தாள். மூன்று நாளாகத் தம்பி எங்கேயோ ஒரு இடத்தில் இருக்கிறான், அவன் இருக்கிறான் என்று சொல்ல உலகத்தில் ஒரு துண்டுக் கடதாசி கிடையாது. துண்டு கிடைத்தால் முதலாளி மேலிடத்தில் கேட்பார். பொய்யோ மெய்யோ, முதலில் புத்தகத்தில் ஏறட்டும். சரிங்க, எழுதுங்க என்றாள். அவர் நம்பரைப் பார்த்துப் பார்த்து அழகாக எழுதினார். துண்டும் கொடுத்தார். முதலாளி அதை வைத்துக்கொண்டு கொழும்பில் ஐந்தாறு வாசல் ஏறினார், எல்லா இடத்திலும் நம்பரைக் குறித்துக்கொண்டார்கள், விசாரித்துச் சொல்வதாகச் சொன்னார்கள். மீனம்மா சோறு தின்றும் தின்னாமலும், பேர் அடிப்பதையும் விட்டுவிட்டு, போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பன்னிரண்டாம் நாள், பனி விலகாத நேரத்தில், ஒரு கான்ஸ்டபிள் லயத்துக்கு ஏறி வந்தார். வயசானவர், மூச்சு வாங்கியது. கொழும்பிலிருந்து விசாரணைக் கோவை வந்திருக்கிறது என்றார். மீனம்மா, உள்ளே வாங்க உக்காருங்க என்று முக்காலியை இழுத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை. அந்த நம்பரைத் தகவல் தூய்மைப் பணியகத்தில் விசாரித்தார்களாம். ஆள் இந்த விலாசத்தில்தான் இருக்கிறார், எங்கேயும் போகவில்லை என்று பணியகம் எழுத்தில் உறுதி கொடுத்திருக்கிறது. நேரில் பார்த்து உறுதிப்படுத்தத்தான் தன்னை அனுப்பினார்கள் என்றார். எங்கே அந்த இ. ரெக்ஸ்?

மீனம்மா பெட்டியைக் கைகாட்டினாள். அது ஓடிக்கொண்டுதான் இருந்தது. திரை ஓரத்தில் நாய் பச்சை நிறத்தில் உட்கார்ந்திருந்தது. அவர் குனிந்து பார்த்தார். அட்டையை வாங்கிப் பார்த்தார், திரும்பத் திரையைப் பார்த்தார். முப்பது வருஷம் சர்வீஸ் போட்ட மனிதர், அவருக்குப் புரியாமல் இல்லை. பிறகு கோவையைத் திறந்து, நம்பர் சரி, விலாசம் சரி என்று இரண்டு கோடு கீறினார்.

"மாத்தையா," என்றாள் மீனம்மா, "எந் தம்பி எங்க?"

அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் எழுதினார். தேடப்பட்டவர் வீட்டில் பத்திரமாக இருக்கிறார், கோவை மூடப்படுகிறது. மீனம்மா பேனாவைப் பிடித்துக்கொண்டு, நான் கையெழுத்துப் போடமாட்டேன், போடவே மாட்டேன் என்று அழுதாள்.

அவர் பேனாவை மெதுவாக அவள் விரல்களிலிருந்து எடுத்தார். காணாமல் போனவருக்குத்தான் வீட்டாரின் கையெழுத்து வேண்டும் மகள், கிடைத்தவருக்குத் தேவையில்லை என்று சொல்லிவிட்டு, படி இறங்கிப் பனிக்குள் போனார்.